கட்டிலடியில் ஒரு எண்பது பக்கக் கொப்பி

வெல்லாவெளிப் பக்கமிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அவருடைய அம்மாவுக்கு வயது 58. நாற்பது வருடம் வெற்றிலை போட்டவர். கன்னத்தின் உட்புறத்தில் புற்று. ஒப்பரேசன் முடிந்து, மஹரகமைப் புற்றுநோய் வைத்தியசாலையில் 33 தடவை கரண்ட் (கதிர்ச் சிகிச்சை) பிடித்து, அதோடு கிழமைக்கு ஒருமுறை கீமோவும் ஏற்றி, போன கிழமைதான் துண்டு வெட்டி (வாட்டிலிருந்து விடுவித்து) வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். கடைசிக் கீமோ ஏறி இன்றைக்கு எட்டு நாள். மூக்கால் ரியூப் போட்டிருக்கிறது. வாயெல்லாம் புண். மோர்பின் குளிசை தந்திருக்கிறார்கள். கேள்விகள் மூன்று. வாட்டில் மிஸ்மார் பார்த்ததை வீட்டில் நாங்கள் எப்படிப் பார்ப்பது? மோர்பின் பழகிவிடும் என்று மாமா தடுக்கிறார், கொடுக்கலாமா? அம்மாவுக்கு வருத்தத்தின் பெயரை இன்னும் சொல்லவில்லை, சொல்லத்தான் வேணுமா?

நான் 31 வருடம் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். அதில் 14 வருடம் புற்றுநோயாளரோடு. எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். மருந்தின் அளவுகளை எழுதமாட்டேன். அது அம்மாவைப் பார்க்கும் டொக்டரின் வேலை.

தங்கச்சி, வாட்டில் நாங்கள் செய்யும் வேலையில் ஊசியும் சேலைனும் கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் பார்ப்பதும் எழுதுவதும். எத்தனை மணிக்குச் சத்தி எடுத்தார், எத்தனை தடவை சலம் போனது, புரண்டு படுக்கும்போது முகம் சுளித்தாரா, நேற்றுக் கதைத்தவர் இன்றைக்கு ஏன் சுவரைப் பார்த்துக் கிடக்கிறார் என்று பார்த்துப் பார்த்து ரிக்கற்றில், அதாவது கட்டிலோடு இருக்கும் நோயாளர் குறிப்பில், எழுதுவோம். அதை வாசித்துத்தான் டொக்டர் மருந்தைக் கூட்டுவார், குறைப்பார். வீட்டுக்கு வந்த பிறகு அந்த ரிக்கற் இல்லை. கிளினிக்கில் டொக்டர் அம்மாவைப் பார்ப்பது பத்து நிமிடம். "எப்படி அம்மா இருக்கிறீங்க?" என்று கேட்டால் எங்கட ஊர் அம்மாமார் "பரவாயில்லை சேர்" என்பார்கள். விடிய விடிய நோவில் முனகினவரும் அதைத்தான் சொல்வார்.

அதனால் இன்றைக்கே ஒரு எண்பது பக்கக் கொப்பி வாங்குங்கள். பேனையை நூலில் கட்டிக் கொப்பியோடு தொங்கவிடுங்கள், இல்லாவிட்டால் பிள்ளைகள் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். மருந்து கொடுத்த நேரம், காய்ச்சல் பார்த்த அளவு, ரியூப்பால் விட்ட கோப்பைக் கணக்கு, சலம், மலம், நோவு. நோவை எண்ணிக்கையில் கேட்டால் வயதானவர்களுக்குப் பிடிபடாது. நான் ரூபாய்க் கணக்கில் கேட்பேன்: "அம்மா, தாங்கவே ஏலாத நோவு பத்து ரூபா எண்டா, இப்ப உங்களுக்கு எத்தனை ரூபா?" உடனே பதில் வரும். "ஆறு ரூபாக்கு இருக்கு மிஸ்." இரண்டு மணித்தியாலம் கழித்து "மூண்டு ரூபா" என்றால் மருந்து வேலை செய்கிறது.

திருக்கோவிலிலிருந்து ஒரு மருமகன் தன் மாமியைக் கிளினிக்குக் கொண்டுவருவார். அவர் எழுதிய கொப்பியைப் புரட்டினால் ஒவ்வொரு நாளும் விடியப்புறம் மூன்று மணிக்கு எட்டு ரூபா, ஒன்பது ரூபா என்று இருந்தது. பகலில் இரண்டு, மூன்றுதான். விசாரித்தால், மாமி அசந்து தூங்குகிறார் எழுப்புவானேன் என்று இரவு மருந்தை விட்டுவிட்டார்கள். அன்பினால் செய்ததுதான். ஆனால் அந்த அன்பு மாமியை ஒவ்வொரு இரவும் நோவோடு எழுப்பியது. கொப்பி இல்லாவிட்டால் நாங்கள் மருந்து போதவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டியிருப்போம்.

இனிக் காய்ச்சல். உங்களுக்கு எட்டாம் நாள் என்பதால் இதை நின்று வாசியுங்கள்.

கீமோ புற்றுக் கலங்களை மட்டும் பார்த்து அடிக்கிற மருந்து இல்லை. எலும்பு மச்சையில் உருவாகும் வெள்ளணுக்களையும் அது குறைக்கும். பெரும்பாலான மருந்துகளுக்கு ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரைக்கும்தான் அந்த எண்ணிக்கை ஆகக் கீழே இறங்கி நிற்கும். வெள்ளணு இல்லாத உடம்பில் கிருமி புகுந்தால் சீழ் வராது, வீக்கம் வராது. காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். சிலருக்கு அதுவும் வராது, குளிரும் நடுக்கமும் மட்டும். 38 பாகை செல்சியஸ், பழைய கணக்கில் 100.4 பரன்ஹைட், அதைத் தொட்டுவிட்டால் அது அவசரம். விடியட்டும் என்று இருக்கக் கூடாது. அளந்து பார்க்க முன்னர் பனடோல் கொடுக்கவும் கூடாது. பனடோல் காய்ச்சலை மறைக்கும், கிருமியைத் தடுக்காது.

நான் முன்பு வேலை செய்த ஓரிடத்தில் நடந்தது. 19 வயதுப் பிள்ளை, இரத்தப் புற்று, கீமோ போட்டுப் பத்தாம் நாள். மஃரிப் நேரம் வாப்பா போன் பண்ணி "மகனுக்குக் காயுது" என்றிருக்கிறார். போனை எடுத்தவர் "பனடோல் குடுங்க, மறுகா காலையில கொண்டு வாங்க" என்று சொல்லிவிட்டார். காலையில் கொண்டுவரும்போது கை கால் குளிர்ந்து, இரத்த அழுத்தம் விழுந்திருந்தது. அன்று பின்னேரம் அந்தப் பிள்ளை போய்விட்டது. காலை முறைக்கு வந்தவள் நான். அந்த வாப்பா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இரவே கொண்டு வந்திருக்கணுமா மிஸ்?" அதற்குப் பிறகு கீமோ ஏற்றி அனுப்பும் ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் வாசல் வரை போய் இதைச் சொல்வதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

ஆகவே டிஜிட்டல் வெப்பமானி ஒன்று வேண்டும். காலை, மாலை, உடம்பு சுடுகிறது என்று தோன்றும் நேரமெல்லாம் அக்குளில் வைத்துப் பாருங்கள். அக்குளில் உண்மையை விடக் கொஞ்சம் குறைத்தே காட்டும். அதனால் 38ஐ நெருங்கினாலே புறப்படுங்கள். வெல்லாவெளியிலிருந்து பட்டிருப்புப் பாலத்தைக் கடந்தால் களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலை. முதல் மருந்து அங்கே ஏறட்டும், மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கு அவர்களே அனுப்புவார்கள். 1990 அம்புலன்ஸ் இலவசம். ஆனாலும் இரவில் ஆனை இறங்கும் பாதை உங்களுடையது. பாதை தெரிந்த ஓட்டோக்காரர் ஒருவரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். ஆஸ்பத்திரியில் போய் "காய்ச்சல்" என்று மட்டும் சொன்னால் மற்றக் காய்ச்சல்காரரோடு வரிசையில் இருத்திவிடுவார்கள். "புற்றுநோய்க்காரர், கீமோ ஏறி இத்தனை நாள், காய்ச்சல் 38" என்று முதல் வசனத்திலேயே சொல்லுங்கள். அந்த வசனத்தைக் கொப்பியின் முன்மட்டையில் பெரிதாக எழுதி, மஹரகமையில் தந்த கார்டையும் உள்ளே வைத்துவிடுங்கள். நீங்கள் பதறிப்போய் நின்றாலும் கொப்பி பேசும்.

இந்த நாட்களில் சனக்கூட்டம் வேண்டாம். கோயில் திருவிழா, கலியாண வீடு எல்லாம் அடுத்த மாதம் பார்க்கலாம். அம்மாவைத் தொட முன்னர் எல்லோரும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். வெளியில் திறந்து வைத்து விற்கும் தயிர்ச் சட்டியும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம்.

கைகழுவுவதோடு இன்னொன்று. கீமோ ஏறி 48 மணித்தியாலம் வரை சலம், சத்தி இவற்றில் மருந்து கலந்து வரும். அந்த இரண்டு நாளும் கையுறை போட்டுத்தான் அவற்றைத் துப்புரவாக்க வேண்டும், மலசலகூடத்துக்கு இரண்டு தரம் நிறையத் தண்ணீர் ஊற்ற வேண்டும், பிள்ளைத்தாய்ச்சி அந்த வேலைக்குப் போகக் கூடாது. உங்களுக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது. இதை வைத்துக்கொண்டு அம்மாவுக்குத் தனிக் கோப்பை, தனிப் பாய் என்று ஒதுக்கிவிடாதீர்கள். புற்று ஒருவரிலிருந்து ஒருவருக்குத் தொற்றாது. பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல் தடிமன் இல்லாவிட்டால் மடியில் இருக்கட்டும்.

மோர்பின் பற்றி மாமா சொல்வதற்கு வருகிறேன். அதற்கு முதல் நீங்களே எழுந்து போய் அந்தக் குளிசை அட்டையைப் பாருங்கள். எத்தனை மணித்தியாலத்துக்கு ஒன்று என்று எழுதித் தந்திருக்கிறார்கள்? நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் என்றால் அது உடனே கரையும் வகை, பொடியாக்கித் தண்ணீரில் கரைத்து ரியூப்பால் விடலாம். 12 மணித்தியாலத்துக்கு ஒருக்கால் என்றோ, பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர். என்றோ இருந்தால் அது மெல்ல மெல்லக் கரையும்படி செய்த குளிசை. அதைப் பொடியாக்கினால் அரைநாளுக்கான மருந்து முழுவதும் ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கும். அது ஆபத்து. ரியூப் போட்டவருக்கு அந்த வகை தரப்பட்டிருந்தால் அடுத்த வேளை கொடுக்க முன்னர் வாட்டுக்கோ கிளினிக்குக்கோ போன் பண்ணிக் கேளுங்கள்.

மாமாவின் பயம் எனக்குப் புதிது இல்லை. சனங்களிடம் மட்டும் இல்லை, தாதிமாரிடமும் அந்தப் பயத்தைக் கண்டிருக்கிறேன். போதைக்காகத் தேடி எடுப்பவரின் உடம்பும், புற்று நோவுக்காக அளவோடு எடுப்பவரின் உடம்பும் மனசும் நடந்துகொள்ளும் விதம் வேறு. நீண்ட நாள் எடுத்தால் உடம்பு மருந்துக்குப் பழகும். அதனால் திடீரென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகக் குறைக்க வேண்டும். அம்மாவின் நோவு பெரும்பாலும் கரண்டால் வந்த புண்ணின் நோவு. புண் ஆறும்போது டொக்டரே குறைத்துக்கொண்டு போய் நிறுத்துவார். "மோர்பின் தந்தா கடைசிக் கட்டம்" என்று ஊரில் ஒரு கதை இருக்கிறது. அது பிழை. மோர்பின் கொடுப்பது நோவின் அளவைப் பார்த்து. இருக்கும் நாளை எண்ணி யாரும் அதைக் கொடுப்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் 1986ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டலிலேயே, கடும் புற்று நோவுக்கு வாயால் மோர்பினை நேரம் தவறாமல் கொடுக்கச் சொல்லியிருக்கிறது.

நேரம் தவறாமல் என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். நோவு வரட்டும், கொடுப்பம் என்று இருந்தால் மருந்து எப்போதும் நோவுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். சிசிலி சோண்டர்ஸ் என்று ஒரு அம்மா, முதலில் தாதியாக இருந்து, பிறகு சமூகப் பணியாளராகி, கடைசியில் டொக்டராகவும் படித்தவர். 1967இல் லண்டனில் சென் கிறிஸ்தோபர் என்ற பராமரிப்பு இல்லத்தைத் தொடங்கினார். நோவு திரும்பி வர முன்னரே அடுத்த வேளையைக் கொடுங்கள் என்பதை உலகத்துக்கு நிலைநாட்டியவர் அவர். நோவுக்கு உடம்பு, மனசு, குடும்பம், நம்பிக்கை என்று நாலு பக்கமும் இருக்கிறது என்றும் சொன்னார். அது எத்தனை உண்மை என்பதைப் பின்னேரங்களில் கண்டேன். வந்தவர்கள் எழுந்து போய், விளக்கு வைக்கிற நேரம் வாட்டில் எல்லாக் கட்டிலிலும் நோவு ஒரு ரூபா கூடும். அந்த நேரத்தில் மருந்துத் தட்டோடு ஒரு கதிரையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருங்கள்.

மோர்பின் தொடங்கிய நாளே மலம் இளக்கும் மருந்தும் தொடங்க வேண்டும். தந்திருக்காவிட்டால் கேட்டு வாங்குங்கள். தூக்கமும் குமட்டலும் முதல் சில நாளில் குறைந்துவிடும், மலச்சிக்கல் மட்டும் மருந்து இருக்கும் வரை இருக்கும். மூன்று நாள் மலம் போகாவிட்டால் சொல்லுங்கள். வெள்ளணு குறைந்த நாட்களில் நீங்களாக ஆசனவாயால் மருந்து வைக்க வேண்டாம். தட்டி எழுப்பியும் எழும்பாத தூக்கம், மூச்சு மிக மெதுவாதல், கைகால் வெடுக்கு வெடுக்கென்று துடித்தல், இதில் எதைக் கண்டாலும் அடுத்த வேளையைக் கொடுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு. குளிசையைப் பூட்டி வையுங்கள். இடுப்பு நோவு என்று கேட்டுவரும் மாமாவுக்கும் ஒன்று கொடுக்கக் கூடாது.

பாமசியில் தாமாக வாங்கும் நோவுக் குளிசை, டைக்ளோபெனக் போன்றவை, அம்மாவுக்கு வேண்டாம். வாய்ப் புற்றுக்குக் கரண்டோடு கிழமைக்கொருமுறை ஏற்றும் கீமோ பெரும்பாலும் சிஸ்பிளாட்டின். அது சிறுநீரகத்தைச் சுடும் மருந்து. அதன்மேல் இதுவும் சேரக் கூடாது. சலம் குறைந்தால், காதில் இரைச்சல் கேட்டால் கொப்பியில் எழுதுங்கள், டொக்டரிடம் சொல்லுங்கள்.

வாய்ப் புண் கரண்ட் முடிந்ததும் ஆறத் தொடங்கும் என்று எல்லோரும் நினைப்பார்கள். முடிந்த பிறகும் ஒன்றிரண்டு கிழமைக்கு அது கூடித்தான் நிற்கும். மெதுவாகத்தான் இறங்கும். இதை யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால் வீடுகளில் எவ்வளவு கண்ணீர் குறைந்திருக்கும் என்று பலதரம் நினைத்திருக்கிறேன். ஒரு லீற்றர் கொதித்தாறின தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடாவும் போட்டுக் கலக்குங்கள். ஒவ்வொரு நாளும் புதிதாகக் கலக்க வேண்டும். விழித்திருக்கும் நேரம் இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருக்கால் வாயில் கொஞ்சம் விட்டு, மெல்ல அலசித் துப்பட்டும். மோர்பின் கொடுத்து அரை முக்கால் மணித்தியாலம் கழித்து இதைச் செய்தால் அம்மா முகம் சுளிக்கமாட்டார். கடையில் விற்கும் எரிகிற வாய்கழுவி வேண்டாம். ஆகமென்மையான பிரஷ், அதுவும் நோகுமென்றால் ஈரக் கோஸ். ஒவ்வொரு நாளும் டோர்ச் அடித்து வாய்க்குள் பாருங்கள். பால் திரைந்ததுபோல் வெள்ளைப் படை தெரிந்தால் அது பங்கசு, மருந்து போட்டால் போய்விடும். பல் ஆடினாலும் ஊர்ப் பல்வைத்தியரிடம் பிடுங்கப் போக வேண்டாம். கரண்ட் பட்ட தாடை எலும்பு இலேசில் ஆறாது. புற்றுநோய் டொக்டரிடம் கேட்டுத்தான் பல்லில் கை வைக்க வேண்டும், இது இந்த வருடத்துக்கு மட்டுமான கட்டளை இல்லை, வாழ்நாள் முழுக்க.

கழுத்துத் தோல் கறுத்து உரிந்திருக்கும். மஞ்சள், சந்தனம், எண்ணெய் எதுவும் பூச வேண்டாம். வெறும் தண்ணீரால் கழுவி ஒற்றியெடுங்கள், தேய்க்காதீர்கள்.

ரியூப்பில் ஒவ்வொரு முறையும் முதலில் மூக்குவாசலில் இருக்கும் அடையாளத்தைப் பாருங்கள். அது வெளியே வந்திருந்தால் எதுவும் விடக் கூடாது, நீங்களாக உள்ளே தள்ளவும் கூடாது. அம்மாவைச் சாய்மானமாக இருத்தி, சிறிஞ்சை உயர்த்திப் பிடித்து, தானாக இறங்க விடுங்கள். முன்னும் பின்னும் 30 மில்லிலீற்றர் கொதித்தாறின தண்ணீர். முடிந்து ஒரு மணித்தியாலம் படுக்க விடாதீர்கள். இருமினால், மூச்சு முட்டினால் உடனே நிறுத்துங்கள். திரிபோஷாக் கஞ்சி, பயற்றங்கஞ்சி, அவித்த முட்டை போட்டு அடித்த பால்கஞ்சி எல்லாம் விடலாம். ஆனால் இரண்டு தரம் வடித்துத்தான். கட்டி போய் அடைத்தால் ரியூப் மாற்ற இன்னொரு பயணம். வெறும் தேத்தண்ணியிலும் இளநீரிலும் நாளைக் கடத்தாதீர்கள், அதில் உடம்பு தேறாது. கிழமைக்கு ஒருநாள், அதே தராசில், நிறை பார்த்து எழுதுங்கள்.

மூன்றாவது கேள்விதான் கடினமானது. "மிஸ், அம்மாக்கு மட்டும் சொல்லிராதீங்க" என்று வாசலில் என்னை மறித்துக் கையைப் பிடிக்காத குடும்பம் குறைவு. உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒப்பரேசன் செய்து, மஹரகமையில் அத்தனை கிழமை இருந்து, பக்கத்துக் கட்டில்காரரோடு கதைத்து, கரண்ட் அறை வாசலில் வரிசையில் இருந்தவர் உங்கள் அம்மா. அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

எங்கட பக்கத்தில் வீடு வளவு பெண்பிள்ளைகளுக்குத்தானே. தாய் இருக்கிற காலத்தில் யாருக்கு எந்த வளவு என்று எழுதிவைப்பது தாயின் கடமை, உரிமை. இரண்டு குமரை வைத்துக்கொண்டிருந்த ஒரு தாய்க்குக் கடைசி வரைக்கும் "அல்சர்" என்று சொல்லிவைத்திருந்தார்கள். அவர் சுகமாகி வந்து எழுதுவம் என்று இருந்தார். அவர் போன பிறகு இளைய மகள் பட்ட பாட்டை நான் அறிவேன். கடன், நேர்த்தி, வஸிய்யத் (மரண சாசனம்), மன்னிப்புக் கேட்க வேண்டிய ஒரு தம்பி, ஒவ்வொருவருக்கும் முடித்துவைக்க ஏதோ ஒன்று இருக்கும். நோயை மறைக்கும்போது அதற்கான நேரத்தையும் சேர்த்து மறைத்துவிடுகிறோம். உங்கள் அம்மா சுகமாவதற்காகத்தான் இத்தனை வைத்தியமும் செய்திருக்கிறார்கள், அதையும் அவர் அறிந்துதான் துணிய வேண்டும்.

ஆனால் போய் நின்று பெயரைப் போட்டுடைக்காதீர்கள். கேளுங்கள். "அம்மா, உங்களுக்கு என்ன வருத்தம் எண்டு நீங்க நினைக்கிறீங்க?" கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அந்த மௌனத்தைத் தாங்குவதுதான் கடினம், தாங்குங்கள். அவர் கேட்கிற அளவுக்குச் சொல்லுங்கள். "எனக்கு ஒண்டும் தெரிய வேணாம், நீங்களே பாருங்க" என்று சொன்னால் அதுவும் அவர் உரிமை. கேட்கிறவரிடம் பொய் சொல்லக் கூடாது என்பது மட்டும்தான் நான் பிடித்துக்கொண்ட ஒரே விதி.

பார்க்க வருகிறவர்கள் பற்றிச் சொல்ல வேண்டும். வருபவருக்கு வட்டாவில் வெற்றிலை வைப்பது எங்கட மரியாதை. அந்த வட்டாவைத் தயவுசெய்து அம்மாவின் அறைக்குள் கொண்டுபோக வேண்டாம். நாற்பது வருடம் போட்ட வாய், மணம் பட்டாலே ஏங்கும். இலங்கையில் ஆண்களிடம் ஆகக் கூடுதலாகக் காணப்படும் புற்று வாய்ப் புற்றுத்தான். புகையிலை இல்லாத வெறும் பாக்கும் புற்றை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்டது. அம்மாவோடு சேர்ந்து வெற்றிலை போட்ட சின்னம்மா, மாமி எல்லோரையும் ஒருநாள் கூட்டிக்கொண்டு பல் வைத்தியப் பிரிவுக்குப் போங்கள். வெள்ளை அல்லது சிவப்புப் படை, இரண்டு மூன்று கிழமையாகியும் ஆறாத புண், வாய் திறக்க இறுக்கம் இருந்தால் தாமதிக்கவே கூடாது.

நீங்கள் தனியாகத்தான் பார்க்கிறீர்கள் என்பது கேள்வியிலேயே தெரிகிறது. மகளின் வீட்டில் தாய் இருப்பது எங்கட வழமை. அதனாலேயே எல்லாம் மகளின் தலையில் விழுகிறது. தாதி ஒருத்தி ஒரு முறை முடிந்தால் வீட்டுக்குப் போகிறாள், தூங்குகிறாள். உங்களுக்கும் முறை வேண்டும். ஆண்பிள்ளைகள் கிழமையில் இரண்டு இரவாவது வந்து நிற்கட்டும். ரியூப்பால் கஞ்சி விடுவதற்குப் பெண்ணாக இருக்க வேண்டியதில்லை. நாங்கள் முறை மாறும்போது கட்டில் கட்டிலாக நின்று ஒப்படைப்போம். நீங்களும் அப்படிக் கட்டிலடியில் நின்று, கொப்பியைத் திறந்து வாசித்து, அம்மாவும் கேட்க ஒப்படையுங்கள். கேரளத்தில் கோழிக்கோட்டில் 1993இல் ஒரு சிறிய நோவுத் தணிப்புச் சங்கமாகத் தொடங்கியது, பிறகு அயலவர்களையே பழக்கி வீடு வீடாகப் பார்க்கும் பெரிய வலையாக வளர்ந்தது. வாவிக்கு மேற்கே இருக்கும் எங்கட படுவான்கரைக்கு அப்படி ஒன்று வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதுவரைக்கும் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடமும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் பொதுச் சுகாதாரத் தாதியிடமும் வீட்டில் இப்படி ஒருவர் இருக்கிறார் என்று சொல்லி வையுங்கள்.

வைத்தியம் கடந்துபோன நிலையில் ஒருவரை வைத்துக்கொண்டு இதை வாசிப்பவர்களுக்குச் சில வரி. வெளியே உடைத்த புற்றுப் புண்ணின் மணத்துக்கு அஞ்சி நோயாளி தானே முகத்தைத் திருப்பிக்கொள்வார். டொக்டரிடம் கேட்டு மெட்ரொனிடசோல் குளிசையைப் பொடியாக்கிப் புண்ணில் தூவினால் சில நாளில் மணம் இறங்கும். அரை லீற்றர் கொதித்தாறின தண்ணீரில் மட்டமாக ஒரு தேக்கரண்டி உப்புப் போட்டுக் கழுவலாம். துணி ஒட்டியிருந்தால் இழுக்காமல் நனைத்து எடுக்க வேண்டும். கட்டிலுக்கடியில் ஒரு தட்டில் சிரட்டைக்கரி வைத்தால் அறை மணம் குறையும். இரத்தம் கசியும் புண் என்றால் கருஞ்சிவப்பு அல்லது கறுப்புத் துவாய் பக்கத்தில் வைத்திருங்கள், வெள்ளைத் துணியில் சிவப்பைக் கண்டு அவர் பயப்படக் கூடாது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் புரட்டிப் படுக்க வையுங்கள். கடைசி நாட்களில் பசி தானாக அடங்கிவிடும், ஊட்ட வேண்டாம், வாயை ஈரப்படுத்தினால் போதும். பால் பருக்குவதும் ஸம்ஸம் தண்ணீர் வைப்பதும் நம் கடமை. கரண்டியால் ஊற்றினால் புரைக்கேறும், பஞ்சில் நனைத்து உதட்டில் ஒற்றுங்கள். கட்டிலைக் கிப்லாப் பக்கம் (மக்காவின் திசைக்கு) திருப்பச் சொல்லிக் கேட்டால் வாட்டில் கூச்சப்படாமல் கேளுங்கள். நான் எத்தனையோ கட்டிலைத் திருப்பியிருக்கிறேன்.

தங்கச்சிக்கு இன்னும் ஒன்று. கன்னத்தில் ஒப்பரேசனும் கரண்டும் பட்டவருக்கு மாதங்கள் போகப் போகத் தாடை இறுகிப் பூட்டிக்கொள்ளும். பூட்டிய பிறகு திறப்பது மிகக் கடினம். அதனால் புண்ணின் நோவு கொஞ்சம் இறங்கியதும், டொக்டரிடம் கேட்டுக்கொண்டு, வாய் திறக்கும் பயிற்சியைத் தொடங்குங்கள். கழுவி அவித்த ஐஸ்பழக் குச்சிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவில் வைத்து, எண்ணிக் கொஞ்ச நேரம் வைத்திருந்து எடுக்க வேண்டும், ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை. சில நாளுக்கு ஒருக்கால் ஒரு குச்சி கூடட்டும். சுகமான வாய் ஒருவருடைய சொந்த விரல் மூன்று அகலத்துக்குத் திறக்கும். அம்மாவுக்கு இன்றைக்கு எத்தனை விரல் போகிறது என்று பார்த்து, திகதியும் போட்டு, கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.